சின்னக் கை

குகைக்குள் கை ஓவியங்கள் இருக்கும் உள்ளறையை மாதக் கடைசியோடு மூடப்போகிறார்கள் என்று பேப்பரில் படித்த அன்று அப்பா காலைக் காபியைத் தொடவில்லை. அம்மா போனில் மகளிடம் முதலில் சொன்னதே அதைத்தான்.

"காபி ஆறி ஆடை கட்டிப்போச்சு. மனுஷன் சுவத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். சாயங்காலம் வந்து என்னன்னு கேளு."

மகள் அப்போது கண்ணாடிக் கடையின் இருட்டறையில் இருந்தாள். வருகிறவர்களுக்குப் பவர் பார்ப்பது அவள் வேலை. கனத்த சோதனைச் சட்டத்தை ஒரு பெரியவரின் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். "தெரியறதை மட்டும் சொல்லுங்க, யூகிச்சுச் சொல்லாதீங்க" என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வாள் என்பது அவளுக்கே தெரியாது. சொல்லும்போதெல்லாம் உள்ளுக்குள் ஏதோ லேசாக உறுத்தும். ஊருக்கு உபதேசம் செய்ய நமக்கு என்ன யோக்கியதை என்று தோன்றும்.

சாயங்காலம் அவள் போனபோது அண்ணனும் வந்திருந்தான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடணும். நாம நாலு பேர் மட்டும். மாப்பிள்ளை, மருமக, பேரப் பசங்க யாரும் வேணாம். பழைய டீம் போதும்."

"போலாம்பா, அதுக்கென்ன" என்றான் அண்ணன்.

"இந்தத் தடவை நானும் உள்ளே வர்றேன்."

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். மகள் சட்டென்று அண்ணனைப் பார்த்தாள்.

இவ்வளவு கலவரம் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்பா டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எதிரே அகலமாக ஒரு கண்ணாடியும் அதற்கப்பால் ரோடும் தெரியாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். லிஃப்ட் பக்கமே போக மாட்டார். பாத்ரூமில் தாழ் போடமாட்டார். உள்ளேயிருந்து "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று விடாமல் குரல் கொடுப்பார். பிள்ளைகளின் சிறுவயதிலிருந்து குடும்பமே போய்வரும் அந்தக் குகையில், குனிந்து நுழைய வேண்டிய உள்ளறைக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை.

கோடை விடுமுறை வந்தால் போதும், அப்பா லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பஸ்ஸில்தான் பயணம். அவர் பயணியாக உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அந்த டிரைவர் பாடு திண்டாட்டம். "கியரை மாத்துப்பா, வண்டி அழுவுது பாரு" என்று மூன்றாவது சீட்டிலிருந்து குரல் போகும். அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். ஒரு நாள் பயணத்துக்கு அவள் கட்டும் பைகளைப் பார்த்தால் யாரோ வீடு காலி செய்துகொண்டு போகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். தலையணை இருக்கும், குடை இருக்கும், வெந்நீர் பிளாஸ்க் இருக்கும், கத்தரிக்கோலும் நூல்கண்டும்கூட இருக்கும். குகைக்குள்ளே யாருக்குப் பட்டன் அறுந்து போகும் என்று கேட்டால், "போகாதுன்னு நீ எழுதித் தர்றியா?" என்பாள்.

படிகள் இறங்கிப் போனால் முதலில் ஒரு பெரிய மண்டபம் வரும். மனிதன் கட்டியதல்ல, தண்ணீர் குடைந்தது. கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்கும். தரையிலிருந்து கல் முளைத்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு பெயர் எழுதியிருப்பார்கள்: யானை, சரவிளக்கு, சிம்மாசனம். இவர்கள் வீட்டில் அந்தப் பெயர்களை யாரும் மதித்ததில்லை. மண்டபத்துக்கே இவர்கள் வைத்த பெயர் டிப்போ. முதல் தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம வண்டி அத்தனையும் நிறுத்திட்டு நடுவுல கிரிக்கெட்டும் ஆடலாம்டா" என்று அப்பா சொன்னதிலிருந்து வந்தது அது. இவ்வளவு உயரமான கூரை இருந்ததால் அதுவரைக்கும் அவருக்குப் பயமில்லை. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கல் திரையைப் பார்த்து அம்மா, "மடிப்பெல்லாம் ஒரே அளவா விழுந்திருக்கு, எந்த மெஷின்ல அடிச்சானோ" என்று பெருமூச்சு விட்டாள். அது 'ஃப்ரில்' ஆனது. எந்நேரமும் நுனியில் ஒரு சொட்டு நிற்கும் பருத்த கல் விழுது ஒன்று இருந்தது. வருஷம் முழுக்க ஜலதோஷம் பிடித்த சித்தப்பா ஒருவர் இவர்களுக்கு உண்டு. வேறென்ன பெயர் வைப்பார்கள்? சித்தப்பா மூக்கு. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணனும் தங்கையும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கொல்லைப் பக்கம் ஓடிச் சிரித்துவிட்டு வருவார்கள்.

மண்டபத்தின் கோடியில் அந்தத் தாழ்ந்த வழி. அதன் வாசலில் ஒரு கல் மேடை. அங்கே வந்ததும் அப்பா பைகளை வரிசையாக வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வார். "நீங்க போயிட்டு வாங்க. பைக்கு ஒரு ஆள் காவல் வேணும்ல?" பிள்ளைகள் அதை அப்படியே நம்பினார்கள். அம்மா கட்டிக்கொண்டு வந்த பைகளைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

மகள் முதல் தடவை உள்ளே போனபோது பள்ளியில்கூடச் சேரவில்லை. கைடு ஒரு அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். சுவரில் செம்மண் நிறத்துக்கு நடுவே கைகள். எந்தக் காலத்து மனிதர்களோ கையைச் சுவரில் வைத்து, வாயால் சாயத்தை ஊதி, கையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். அவளுக்குச் செருப்பு வார் கழன்றுவிட்டது. மாட்டக் குந்தினாள். அப்போதுதான், ஒரு பாறை விளிம்புக்கு அடியில், அவள் கண்ணுக்கு நேரே, ஒரு சின்னக் கையைப் பார்த்தாள். அவள் கை அளவுதான் இருந்தது. அதற்குள் "வா, வா" என்று அம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியே வந்ததும் ஓடிப்போய் அப்பாவிடம் முதலில் சொன்னாள். அப்பா "எத்தனை பெருசு?" என்று கேட்டார். அவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தான். "புளுகு."

அடுத்த வருஷம் வேறு கைடு. கையில் டார்ச். அண்ணன் போனதும் போகாததுமாக அவரிடம் கேட்டான். "இங்க பெரியவங்க கை மட்டும்தான் தம்பி, சின்னக் கையெல்லாம் கிடையாது" என்று அவர் கைவிரித்துவிட்டார். அவளும் தேடிப் பார்த்தாள். டார்ச் வெளிச்சம் போன இடத்திலெல்லாம் பெரிய கைகள்தான் இருந்தன. அன்றிலிருந்து அந்த வீட்டில் பொய்க்குப் பெயர் சின்னக் கை. ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்றால், "நிஜமாவா, சின்னக் கையா?" வயிற்றுவலி என்றால், "இதுவும் சின்னக் கையா?" அண்ணன் வளர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தான். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இது நிஜமாகவே மோதியதா, சொந்தக்காரனே சுத்தியலால் தட்டியதா என்று கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம். பொய் கிளெய்ம் வந்தால் அங்கேயும் "சின்னக் கை கேஸ்" என்பான். ஆபீஸே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டதாம்.

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் ஊரே சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடும் அல்லவா? பெரியவளாகும்போது, அதை ஆசைக்காகத் தானே கட்டிவிட்டதாக அவளே முடிவு செய்துவிட்டாள். எதையும் "பார்த்தேன்" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. "பார்த்த மாதிரி இருந்துச்சு" என்பாள். புருஷன்கூட இதைச் சொல்லிக் கேலி செய்வான். அவளுக்கு அது வலித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா மட்டும் விடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தி, டிப்போ கேன்டீன், ஆஸ்பத்திரி வரிசை என்று எங்கே நாலு பேர் சிக்கினாலும் ஆரம்பித்துவிடுவார். "உள்ளே போனீங்கன்னா ஒரு பெரிய கை. அதுக்குக் கீழே ஒரு சின்னக் கை, இத்தனூண்டு. அப்பன் முதல்ல தன் கையை வச்சிருக்கான். அப்புறம் பிள்ளை அடம் பிடிச்சிருக்கும், அது கையையும் வச்சு ஊதி விட்டிருக்கான். அப்பவே பிள்ளைங்க அப்படித்தான்!" நேரில் பார்த்தவர் தோற்றுப்போகும்படி சொல்வார். அம்மா அந்த நேரம் மின்விசிறியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது இந்த மனிதர் உள்ளே வருகிறேன் என்கிறார். வந்தால் பார்ப்பார். அங்கே சின்னக் கை இருக்காது. ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் சொன்ன கதை தன் மகள் விட்ட சரடு என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்வார். அவரைத் தடுக்கவும் அவளுக்கு மனமில்லை. மூடிவிட்டால் அப்புறம் அந்தக் கைகளை அவர் எந்த ஜென்மத்தில் பார்ப்பது? போவதற்குள் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தாள். நாக்கு நுனிவரை வரும். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அண்ணன் காரில் போனார்கள். முன் சீட்டில் அப்பா, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்மிதியைத் தேய்த்தார். பின் சீட்டில் அம்மா, மகள், மற்றும் பைகள்.

டிப்போவில் இப்போது மின்விளக்கும் இரும்புக் கம்பிகளும் வந்துவிட்டன. மற்றபடி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஃப்ரில்லைப் பார்த்து அம்மா, "இன்னும் ஒரு மடிப்பு கலையல பாரு" என்றாள். சித்தப்பா காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. நாலு பேரும் அதன் கீழே நின்றார்கள். அண்ணன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளுக்கு அந்த இடத்தைவிட்டு நகரவே மனம் வரவில்லை. பைகளும் பஸ் டிக்கெட்டும் அண்ணனின் கிள்ளலுமாக இருந்த அந்தச் சிறுவயது, இந்தக் குளிர்ந்த காற்றில் எங்கோ பத்திரமாக இருப்பது போலிருந்தது.

தாழ்ந்த வழியின் முன்னால் அப்பா நின்றார். பைகளை மேடையில் வைத்தார். வழக்கம்போல நடுவில் உட்காரப் போனவர் சட்டென்று நிமிர்ந்தார். குளிரிலும் சட்டைக் காலர் நனைந்திருந்தது. காக்கிச் சட்டை போட்ட கைடு கவலையோடு பார்த்தார்.

"ஐயா, முடியலைன்னா வேணாம். இங்கயே இருங்க."

"இருங்க தம்பி" என்றார் அப்பா. அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். திரும்பிப் போகப்போகிறார் என்று மகள் நினைத்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. உடனே அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது.

"கண்டக்டர்! பின்னால போய் நில்லு. ரிவர்ஸ் எடுக்கறேன்."

கண்டக்டர் என்பது அவள்தான். சின்ன வயதில் பென்சில் டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவளுக்கு அப்பா வைத்த பெயர். அந்தப் பெயரை அவர் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் குனிந்து உள்ளே போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அப்பா குனிந்தார். முகம் டிப்போவின் வெளிச்சத்தைப் பார்த்தபடி, பின்னோக்கி ஓர் அடி வைத்தார்.

"வரலாம், வரலாம்" என்றாள். முதலில் குரல் எழும்பவில்லை. "வரலாம் வரலாம்... கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க... தலை, தலை! ஹோல்டான்!"

"சத்தமா சொல்லு கண்டக்டர், இன்ஜின் சத்தத்துல கேக்கல."

"லெஃப்ட்ல ஒடிச்சு வரலாம்! வரலாம், வரலாம்!"

அம்மா அவருக்கு எதிரே குனிந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த அண்ணனின் தொந்தி வெளிச்சத்தை அடைத்தது. "டேய், ஹெட்லைட்டை மறைக்காதடா!" என்று அப்பா கத்தினார். அவன் சுவரோடு ஒடுங்கிக்கொண்டான். கைடு டார்ச்சோடு முன்னதாகவே உள்ளே போய் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்பா பின்னால் நீட்டிய ஒரு கையை அவள் பிடித்துக்கொண்டாள். கடைசி வளைவு தாண்டியதும், "ஸ்டாப். நிமிரலாம்பா" என்றாள்.

அப்பா நிமிர்ந்தார். உள்ளறைக்கு விளக்குப் போடவில்லை. கைடின் டார்ச் மட்டும்தான். அது சுவரில் மெதுவாக நகர்ந்தது. ஒரு கை. இன்னொரு கை. விரல்களை அகல விரித்து, யாரையோ "நில்லுங்க" என்று சொல்வதுபோல் ஒரு கை. ஹாரன் அடிக்காமல் ஒரு தெருவைத் தாண்டத் தெரியாத மனிதர் அத்தனை நேரம் பேசாமல் நின்றதை அவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

பிறகு அவர் கேட்டார். "தம்பி, இதுக்குக் கீழே ஒரு சின்னக் கை இருக்குமே?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படி எதுவும் இல்லைங்க ஐயா. பெரியவங்க கை மட்டும்தான்."

அண்ணன் இருமினான். அம்மா, "சரி, பார்த்தாச்சுல்ல, வாங்க போலாம்" என்றாள். அப்பா நகரவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "அது வந்து... அதை நான்தான்..."

அவள் முடிக்கவில்லை. அப்பாவின் முழங்கால்கள் மடங்கிவிட்டன. அவ்வளவு நேரம் அடக்கிவைத்த பயம் கால் வழியாக இறங்கிவிட்டது போலும். பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். அவள் பதறிப்போய் அவர் எதிரில் மண்டியிட்டாள். கைடு டார்ச்சை அவர் பக்கம் இறக்கினார். "அப்பா, என்னப் பாருங்க. என்ன பண்ணுது? மூச்சு முட்டுதா?" என்று கேட்டபடி, பழக்க தோஷத்தில், அவர் கண்களைத்தான் பார்த்தாள். கண்கள் தெளிவாக இருந்தன. ஆனால் அவை அவளைப் பார்க்கவில்லை.

"தள்ளு கண்டக்டர். மறைக்கற."

"என்னப்பா?"

"தள்ளுன்னா."

அவள் விலகித் திரும்பினாள். சுவரிலிருந்து புடைத்திருந்த பாறை விளிம்புக்கு அடியில், டார்ச் வெளிச்சம் சாய்வாக விழுந்த இடத்தில், ஒரு கை இருந்தது. ஐந்து விரல்களும் தெளிவாக இருந்தன. இத்தனூண்டு.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்க்கத் துடித்தாள். தொடக்கூடாது என்பதால் அதை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். தான் பார்த்தது பார்த்ததுதான். அன்றைக்கு விளக்கு தரையில் இருந்தது. அவளும் தரையில் இருந்தாள். அதன்பிறகு டார்ச் வந்தது. யாரும் குந்தவில்லை.

கைடு தலையைச் சொறிந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா. இதைக் காட்டக்கூடாதுன்னு எங்களுக்கு எப்பவோ உத்தரவு. காட்டினா எல்லாரும் குனிஞ்சு கிட்ட போய்ப் பார்ப்பாங்க, மூச்சு பட்டுப் பட்டுச் சாயம் உரிஞ்சிடும். கேட்டா இல்லைன்னு சொல்லிடுவோம்."

"டேய்" என்றார் அப்பா. தரையில் உட்கார்ந்தபடியே அந்தக் குரல் டிப்போவில் ஒலிக்கும் குரலாக இருந்தது. "இன்சூரன்ஸ்! இங்க வந்து குந்துடா. வந்து கிளெய்மை செக் பண்ணு."

அண்ணன் தொந்தியோடு மல்லாடி முழங்காலில் உட்கார்ந்தான். அம்மாவும் உட்கார்ந்தாள். நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட ஒதுக்கி விட்டுக்கொண்டு அந்தச் சின்னக் கையைப் பார்த்தார்கள். அண்ணன் வெகுநேரம் பார்த்தான்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று மகள் கேட்டாள். "எல்லாரும் இல்லைன்னாங்க. நானே இல்லைன்னு நினைச்சுட்டேன். நீங்க உள்ளேயே வந்ததில்லையே!"

"வரலதான். அதனாலதான் தெரியும்" என்றார் அப்பா. "இவங்கெல்லாம் சுவத்தைப் பார்த்துட்டு இருந்தாங்க. நீ வெளியே ஓடி வந்தப்போ உன் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அந்த முகத்துல பொய் இருந்தா எனக்குத் தெரியாதாடி?"

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சட்டை முழுக்க வியர்வை. கைடு நேரமாகிறது என்று தயங்கித் தயங்கிச் சொல்லும்வரை அப்படியே இருந்தாள்.

வெளியே வரும்போது அப்பா நேராகவே வந்தார். முன்னால் வெளிச்சம் தெரிகிறதே, இனி என்ன பயம் என்றார். மேடையில் காவலுக்கு ஆளில்லாமல் கிடந்த பைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் சும்மாவே உட்கார்ந்திருந்தீங்க" என்றாள்.

கார் ஊருக்குத் திரும்பியபோது அப்பா போனை எடுத்தார். கூட வேலை பார்த்த பழைய டிரைவர் ஒருவருக்கு. அந்தக் கதையை ஏற்கெனவே பலமுறை கேட்டுக் காது புளித்தவர்தான் அவர். அப்பாவுக்கு அதைப் பற்றி என்ன கவலை? "உள்ளே போனீங்கன்னா ஒரு பெரிய கை. அதுக்குக் கீழே ஒரு சின்னக் கை, இத்தனூண்டு. அப்பன் முதல்ல தன் கையை வச்சிருக்கான்..." எப்போதும் சொல்கிறபடியே சொன்னார். ஒரு வார்த்தையையும் அவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அம்மா இந்தத் தடவை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் காரை ஓரங்கட்டினான்.

"அப்பா, ஒண்ணை விட்டுட்டீங்க."

"என்னடா விட்டேன்?"

"அதை முதல்ல பார்த்தது யாருன்னு சொல்லுங்க." அவன் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தான். "சத்தமா சொல்லுங்க, அவருக்குக் காது மந்தம்."